இரவல் வாங்கிய பெயர்

மேடை வித்தைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பார்வையாளரிடமிருந்து ஏதேனும் ஒரு பொருளை இரவல் கேட்பார்கள். மோதிரமாக இருக்கலாம், கைக்கடிகாரமாக இருக்கலாம், பணத்தாளாக இருக்கலாம். கடிகாரத்தைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் அடிப்பார்கள். பணத்தாளைக் கொளுத்துவார்கள். கொடுத்தவரின் முகம் ஒரு நிமிடம் வெளிறும். பிறகு மூடிய பெட்டிக்குள்ளிருந்து கடிகாரமும், எலுமிச்சம்பழத்தின் நடுவிலிருந்து பணத்தாளும் வெளிவரும். இரவல் வாங்கியதைச் சேதமின்றித் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது அந்தக் கலையின் எழுதப்படாத விதி. திருப்பித் தர இயலாத பொருளை எந்த நல்ல வித்தைக்காரரும் கை நீட்டி வாங்குவதில்லை.

ஹாலோவீன் இரவுக் கேளிக்கைகள் குறித்து நான் சொல்ல விரும்பும் கருத்து முழுவதும் இந்த விதிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறைச் செய்த பிறகுதான் என்பதால், அந்தக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வசிப்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு நகரம். சில ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில், நூலகத்துக்கு நிதி திரட்டுவதற்காகப் பெரியவர்களுக்கு மட்டுமான ஹாலோவீன் திருவிழா ஒன்றை ஊர்க்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள். குழந்தைகள் மிட்டாய் வாங்கிச் செல்லும் மாலைப்பொழுது முடிந்த பிறகு, இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் திருவிழா. ஆப்பிள் மதுவும் வறுத்த சோளமும் விற்பார்கள். வாடகைக்கு எடுத்த கூடாரங்களில் குறி சொல்பவர், பழைய திகில் படங்கள், வேடப்போட்டி எல்லாம் இருக்கும். ஒரு கூடாரத்தில் மாயவித்தை. சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு மூன்று வித்தைகள் செய்வேன் என்று எப்போதோ விருந்தொன்றில் காட்டிக்கொண்டதன் பயனாக அந்தக் கூடாரம் என் தலையில் விழுந்தது. துணைக்கு இருவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன். மூவருமே கற்றுக்குட்டிகள்.

எங்கள் முதல் ஆலோசனைக் கூட்டத்தில் எழுந்த யோசனைகளை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. புகை எந்திரம், பிளாஸ்டிக் மண்டையோடு, சிவப்புச் சாயம், ஒலிப்பெருக்கியில் நாய் ஊளை. பெரியவர்களுக்கான நிகழ்ச்சி என்றதும் இரத்தத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்று நினைத்தோம். முதல்முறை இறங்கும் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று பின்னர் தெரிந்தது. பொருட்களில் அச்சம் கிடையாது. ஐந்து டாலர் மண்டையோட்டைப் பார்த்து நாற்பது வயதுக்காரர் பயப்பட மாட்டார். அவர் அதை விலைக்குறியோடு கடையில் பார்த்திருக்கிறார்.

*

ஹாலோவீனுக்கும் மாயவித்தைக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. கெல்ட் மக்கள் கோடைக்காலத்தின் முடிவில் கொண்டாடிய சவ்வின் பண்டிகையும், நவம்பர் 1 அன்று வரும் கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவான இரவு அது. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் இரவு என்ற நம்பிக்கை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நெடுங்காலம் இருந்தது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு வந்தபோது, இங்கே குடைவதற்கு எளிதாகப் பரங்கிக்காய் கிடைத்தது. இன்று உலகம் அறிந்த ஹாலோவீன் முகம் அந்தப் பரங்கிக்காய்தான்.

வித்தைக்காரர்களுக்கு அந்த நாள் வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. ஹாரி ஹூடினி இறந்தது 1926 அக்டோபர் 31 அன்று, டெட்ராய்ட் நகரில். அமெரிக்க வித்தைக்காரர்கள் அந்த நாளைத் தங்கள் நாளாகவே கொண்டாடுகிறார்கள். அவர் மனைவி பெஸ், கணவரின் ஆவி தொடர்பு கொள்கிறதா என்று பார்க்க ஒவ்வோர் ஆண்டும் அந்த இரவில் அமர்வு நடத்தினார். பத்தாவது ஆண்டில், 1936இல், ஹாலிவுட் நிக்கர்பாக்கர் ஹோட்டலின் மொட்டைமாடியில் கடைசி அமர்வு நடந்தது. யாரும் வரவில்லை. கணவரின் படத்தருகே எரிந்துகொண்டிருந்த விளக்கை அவர் அணைத்துவிட்டார்.

ஆவி விளையாட்டின் வரலாறு இதற்கும் முந்தையது. லியேஜ் நகரைச் சேர்ந்த எத்தியேன் காஸ்பார் ரொபேர், ரொபேர்சன் என்ற பெயரில் 1798இல் பாரிஸில் பாண்டஸ்மகோரியா என்ற காட்சியைத் தொடங்கினார். பின்னர் கைவிடப்பட்ட கப்புச்சின் துறவியர் மடமொன்றுக்கு அதை மாற்றினார். சக்கரம் வைத்த மாயவிளக்கைத் திரைக்குப் பின்னால் நகர்த்துவார்கள். விளக்கு பின்னால் போகப் போகத் திரையில் உருவம் பெருக்கும். பார்ப்பவர்களுக்கு அது தங்கள்மீது பாய்ந்து வருவதாகத் தோன்றும். 1862 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர், டிக்கன்ஸின் பேய்க் கதையொன்றை மேடையேற்றியபோது, நடிகர்களுக்கு நடுவே உடல் ஊடுருவித் தெரியும் உருவம் நடந்தது. மேடைக்கு முன்னால் சாய்வாக நிறுத்தப்பட்ட பெரிய கண்ணாடித் தகடும், கீழே மறைவான இடத்தில் வெளிச்சம் பாய்ச்சப்பட்ட நடிகரும்தான் அதன் சூட்சுமம். ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளரின் யோசனையை மேடைக்கு உகந்ததாக்கியவர் பெப்பர். டிஸ்னிலாந்தில் 1969இல் திறந்த பேய்மாளிகையில் நடனமாடும் ஆவிகளும் இதே கண்ணாடியின் பிள்ளைகளே.

இந்த மரபு நேர்மையான மரபு. பேயைக் காட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டணம் வாங்கிப் பேயைக் காட்டி அனுப்பினார்கள். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபும் வளர்ந்தது. 1848இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள் என்ற சிறுமிகள் இருந்த வீட்டில் தட்டும் ஓசை கேட்டது. கேள்விக்கு ஆவி தட்டிப் பதில் சொல்கிறது என்றார்கள். அந்தத் தட்டலிலிருந்து ஆவியுலக இயக்கம் என்ற பெரும் நம்பிக்கை எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1888 அக்டோபரில், சகோதரிகளில் ஒருவரான மார்கரெட் நியூயார்க் மேடையொன்றில் ஏறிக் கால்விரல் மூட்டுகளை நெரித்து அதே ஓசையை எழுப்பிக் காட்டினார். அடுத்த ஆண்டு அந்த வாக்குமூலத்தையே மறுத்தார். அதற்குள் நம்பிக்கை அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது. வாக்குமூலத்தையும் தாண்டி அது நிலைத்தது.

இவ்விரு மரபுகளும் ஒரே கருவிகளைப் பயன்படுத்தின. ஹென்றி ஸ்லேட் என்ற மீடியம் எழுத்துப்பலகையில் ஆவிகள் எழுதுவதாகக் காட்டி 1876இல் லண்டன் நீதிமன்றத்தில் நின்றார். அதே பலகையை வித்தைக்காரர்கள் இன்றும் கடைகளில் வாங்குகிறார்கள். டேவன்போர்ட் சகோதரர்கள் கயிற்றால் கட்டுண்டு அலமாரிக்குள் அமர்ந்திருக்க, உள்ளே இசைக்கருவிகள் தாமாக ஒலித்தன. 1865இல் செல்டனம் நகரில் அதைப் பார்த்த மாஸ்கலைன் என்ற இளம் கடிகாரத் தொழிலாளி சூட்சுமத்தைக் கண்டுபிடித்து, அதையே வித்தையென்று அறிவித்து மேடையேற்றிப் புகழ்பெற்றார். கருவி ஒன்றுதான். மேடையில் நிற்பவர் யாருடைய பிணத்தின் பெயரால் பேசுகிறார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. அன்று எனக்கு இது புத்தக அறிவாக மட்டும் இருந்தது.

*

புகை எந்திரத்தைக் கைவிட்டோம். அதற்கு அழகியல் காரணம் பாதி. மூடிய கூடாரத்தில் ஆஸ்துமாக்காரர் எவரேனும் இருந்தால் என்ன செய்வது என்று கணித ஆசிரியர் கேட்டது மீதிப் பாதி. மெழுகுவத்திகளுக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள். துணிக் கூடாரம், வைக்கோல், மது அருந்தியவர்கள் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் உண்மையான நெருப்பு வேண்டாம். ஒரு காட்சிக்குப் பன்னிரண்டு பேர். காட்சி நேரம் பன்னிரண்டு நிமிடம். அடுத்த காட்சிக்குப் பொருட்களை ஒழுங்கு செய்ய எட்டு நிமிடம். திருவிழாவில் யாரும் அரை மணி நேரம் உட்கார மாட்டார்கள். வெளியே பாட்டுக் கேட்கும், பசிக்கும், நண்பர்கள் அழைப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டதுதான் நாங்கள் செய்த முதல் உருப்படியான காரியம்.

வித்தைகளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு விதி வைத்துக்கொண்டோம். கைத்திறன் குறைவாகவும் சொல்திறன் மிகுதியாகவும் வேண்டியவை மட்டும் போதும். மாதக்கணக்கில் பழக வேண்டிய சீட்டு வித்தைகளை ஒதுக்கினோம். தடுமாறும் கையைப் பார்த்தால் அச்சம் போய் அனுதாபம் வந்துவிடும்.

முதலாவது, சாவி. பழங்காலத்து நீண்ட இரும்புச் சாவியொன்றை உள்ளங்கையில் கிடத்த வேண்டும். அது யாரும் தொடாமல் மெல்லத் திரும்பிப் படுக்கும். இதைவிட எளிய வித்தை உலகில் இருக்க முடியாது. சாவியின் ஒரு பக்கக் கனமும், கண்ணுக்குத் தெரியாத கைச்சாய்வும் போதும். பத்து நிமிடத்தில் கற்கலாம். ஆனால் ஓர் இருண்ட கூடாரத்தில், பழைய விடுதியொன்றின் பதின்மூன்றாம் எண் அறையின் கதையை மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்து, கதையில் கதவு திறக்கும் இடத்தில் சாவி அசைந்தால், பன்னிரண்டு பேரும் மூச்சை நிறுத்துகிறார்கள். கதையில்லாமல் செய்து பார்த்தோம். ஒருவர் கொட்டாவி விட்டார்.

இரண்டாவது, ஊசல். நூலில் கட்டிய மோதிரத்தைப் பார்வையாளரே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் வட்டமாக, இல்லை என்றால் நேர்கோட்டில் ஆடும் என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். கையை அசைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மோதிரம் ஆடும். இதில் வித்தைக்காரருடைய சூட்சுமம் எதுவும் கிடையாது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோய் 1833இல் இதைப் பற்றி ஆம்பியருக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்ப்பே கையை அசைக்கிறது என்று விளக்கிவிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து ஃபாரடே, ஆவிகள் மேசையைச் சுழற்றுவதாக லண்டன் கனவான்கள் நம்பியபோது, மேசைமீது அட்டைகளை அடுக்கி, தள்ளுவது அவர்களுடைய கைகளே என்று சோதித்துக் காட்டினார். பெரியவர்களுக்கான திகில் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தன் கை தனக்குத் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்கிறது என்பதைவிடப் பெரிய பேய் எது? சிறுவர்கள் மோதிரத்தைப் பார்த்துக் குதூகலிப்பார்கள். பெரியவர்கள் தங்கள் விரல்களைப் பார்க்கிறார்கள்.

மூன்றாவதாகத்தான் தவறு செய்தோம்.

வித்தைக்காரர்கள் மத்தியில் உயிருள்ளவர், இறந்தவர் சோதனை என்றொரு பழைய உருப்படி உண்டு. பார்வையாளர்களிடம் காகிதத் துண்டுகளைக் கொடுத்து உயிரோடிருப்பவர்களின் பெயர்களை எழுதச் சொல்வார்கள். ஒரே ஒருவர் மட்டும் இறந்துபோன ஒருவரின் பெயரை எழுதுவார். எல்லாவற்றையும் மடித்துக் கலக்கிய பிறகு வித்தைக்காரர் இறந்தவரின் பெயரைக் கண்டெடுப்பார். தொடக்கநிலை நூல்கள் பலவற்றிலும் காணப்படும் உருப்படி. காகிதத்தைக் கிழிக்கும் விதத்திலேயே அதன் வழி அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கற்றுக்குட்டிகளுக்கு ஏற்றது, செலவில்லாதது, ஹாலோவீனுக்கென்றே செய்துவைத்தது போன்றது. மருந்துக்கடை இளைஞன் அதைச் செய்ய ஆசைப்பட்டான். அவன் பேச வேண்டிய வசனத்தை எழுதிக் கொடுத்தவன் நான். துண்டைக் கண்டெடுத்ததும் விளக்கருகே பிடித்து, அவர் இங்கே இருக்கிறார், உங்கள் அருகில்தான் நிற்கிறார், நிம்மதியாக இருப்பதாகச் சொல்கிறார் என்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும். எழுதியபோது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் இரண்டு காட்சிகளில் எவரோ ஆபிரகாம் லிங்கன் பெயரையும், இன்னொருவர் எப்போதோ செத்த தன் பாட்டனார் பெயரையும் எழுதினார்கள். கைதட்டல் கிடைத்தது. மூன்றாவது காட்சியில் துண்டை வாங்கிக்கொண்டவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. இளைஞன் சரியாகக் கண்டெடுத்தான். ஓர் ஆணின் பெயர், குடும்பப் பெயரில்லாமல். வசனத்தைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். அவர் கைதட்டவில்லை. அழவும் இல்லை. தனக்கு அருகிலிருந்த வெறும் நாற்காலியின் பக்கம் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் மட்டும் திரும்பி வந்தார். அவன் வேறு ஏதாவது சொன்னானா என்று இளைஞனிடம் கேட்டார். அது அவருடைய மகனின் பெயர். இளைஞன் வெலவெலத்துப்போய், அம்மா, அது காகித வித்தை, எனக்கு எதுவும் தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்றான். அவருக்கும் அது தெரியும். தெரியும் என்று அவரே சொன்னார். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி இளைஞனின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆறுதல் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஆறுதல் சொல்லிவிட்டுப் போனவர் அவர். மகனை இரண்டு நிமிடத்துக்குக் கொடுத்தோம், பிறகு உண்மையைச் சொல்லி மறுபடியும் பறித்துக்கொண்டோம். உண்மையைச் சொல்லாதிருந்தால் அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும். அந்த வசனத்தைத் தொடங்கிய பிறகு நல்ல முடிவென்று எதுவும் இருக்கவில்லை.

*

இதை நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது மூன்று விதமான மறுப்புகள் வந்தன. மூன்றையும் மதித்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதல் மறுப்பு, வந்தவர்கள் எல்லோரும் வயதுவந்தவர்கள், வித்தைக் கூடாரம் என்று பலகை மாட்டியிருந்தது, பிறகென்ன என்பது. 1980இல் வெளியான ஆய்வொன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. பெனாசி, சிங்கர், ரெனால்ட்ஸ் ஆகிய மூவர் கலிபோர்னியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்புகளில் ஒருவரை நிறுத்திச் சாதாரணமான மூன்று வித்தைகளைச் செய்யவைத்தார்கள். கற்றுக்குட்டி வித்தைகள்தான். சில வகுப்புகளில் அவருக்கு மனோசக்தி உண்டென்று அறிமுகப்படுத்தினார்கள். வேறு சில வகுப்புகளில் இவர் வித்தைக்காரர், இது வெறும் தந்திரம் என்றே அறிமுகப்படுத்தினார்கள். பின்னதிலும் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவருக்கு மனோசக்தி இருப்பதாகவே எழுதினார்கள். துக்கம் எதுவும் இல்லாத, பகல் வெளிச்சத்தில் அமர்ந்திருந்த மாணவர்கள் அவர்கள். பலகை மாட்டிவிட்டோம் என்பது நம் மனசாட்சிக்குச் சொல்லும் சமாதானம் மட்டுமே.

இதற்கு ஹூடினியின் வாழ்க்கையைவிடப் பெரிய சான்று வேண்டாம். தாயார் சிசிலியா 1913இல் இறந்தபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். அந்த இழப்பிலிருந்து அவர் மீளவேயில்லை. 1922 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் நண்பர் ஆர்தர் கானன் டாயிலின் மனைவி, ஹூடினியின் தாயார் பேசுவதாகச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். பக்கத்தின் தலையில் சிலுவைக் குறி. முழுவதும் ஆங்கிலம். தாயாரோ யூத மதகுருவின் மனைவி, ஆங்கிலம் எழுதவோ சரளமாகப் பேசவோ அறியாதவர். உலகத்தின் எல்லாத் தந்திரங்களையும் அறிந்த அந்த மனிதர், எழுதி முடிக்கும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு மூலையில் ஆசை இருந்தது. எதிரில் அமர்ந்திருந்த டாயில், மருத்துவர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர், 1918இல் மகனைப் பறிகொடுத்தவர். ஏமாற்றும் எண்ணம் அந்த அறையில் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த நட்பு அதன் பிறகு பிழைக்கவில்லை. ஹூடினி தம் கடைசி ஆண்டுகளை மீடியம்களை அம்பலப்படுத்துவதிலேயே செலவிட்டார். 1926இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். அறிவு துக்கத்துக்குக் காவல் நிற்காது என்பதை அவரளவுக்கு அறிந்தவர் யாருமில்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ஹாலோவீனே இறந்தவர்களின் இரவு. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் வீடுதோறும் படையல் மேடை அமைத்து, படம் வைத்து, இறந்தவர்களுக்குப் பிடித்த உணவை வைக்கிறார்கள். சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள். மரணத்தைப் பொத்திப் பொத்தி வைப்பதுதானே நோய் என்றார் ஒரு நண்பர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படையலில் யார் யாருக்கு வைக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தாய் மகனுக்கு வைக்கிறாள். மகன் சார்பாகப் பதில் சொல்ல அங்கே மூன்றாம் மனிதன் ஒருவன் வேடம் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. துக்கப்படுபவருக்கே அங்கே முதல் உரிமை, கடைசி உரிமை. எங்கள் கூடாரத்தில் அந்த உரிமையை நாங்கள் அனுமதி கேளாமல் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது மறுப்பு, இப்படி எல்லாவற்றையும் நீக்கினால் திகிலே மிஞ்சாது என்பது. இது நடைமுறைக் கேள்வி. நடைமுறையிலேயே விடை கிடைத்தது. அன்றிரவு நான்காவது காட்சிக்கு முன்பிருந்த எட்டு நிமிடத்தில் அந்த வித்தையை மாற்றி அமைத்தோம். பார்வையாளர்களின் பெயர்களைக் கேட்பதை நிறுத்தினோம். சாவிக் கதையில் வந்த அதே விடுதிக்குப் பதின்மூன்றாம் இரவில் வந்து தங்கிய விருந்தினர்களுக்குக் கணித ஆசிரியர் அவசரமாகப் பெயர்கள் சூட்டினார். பார்வையாளர்கள் ஆளுக்கொரு விருந்தினரின் பெயரை எழுத வேண்டும். அவர்களில் யார் காலையில் எழுந்திருக்கவில்லை என்பதை ஒரே ஒருவர் மனத்துக்குள் முடிவு செய்து, அவருக்குரிய துண்டில் எழுத வேண்டும். காகிதம் அதே காகிதம். கிழித்த விதமும் அதே. இளைஞன் துண்டை எடுத்து அந்தக் கற்பனைப் பெயரைப் படித்தபோது, மேசைமீதிருந்த சாவி மறுபடி அசைந்தது. பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல் அலறியது. மூன்று காட்சிகளில் கேட்காத அலறல்.

காரணம் எளிது. தன் சொந்தப் பிணத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர் பயப்பட மாட்டார். அவருக்கு வலிக்கும். பயமென்பது பாதுகாப்பாக இருப்பவருக்கே கிடைக்கும் இன்பம். யாருடையதும் அல்லாத பேயைக் கொடுத்தால்தான் எல்லோரும் அதை ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக்கொள்ள முடியும். கதை சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று. இலக்கிய வாசகர்களுக்கு நான் விளக்கவும் வேண்டியதில்லை. புனைவு நமக்குத் தரும் பெரிய வசதியே, எவரையும் தோண்டியெடுக்காமல் மரணத்தின் அருகில் போய் நின்றுவிட்டுத் திரும்ப முடிவதுதான்.

*

திரும்புவது என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1956 ஏப்ரல் 9 அன்று பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சியில் வங்கத்தைச் சேர்ந்த பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணைச் சுழல் ரம்பத்தால் இரண்டாக அறுக்கும் வித்தையைச் செய்தார். அறுத்தாயிற்று. அந்தப் பெண் அசையவில்லை. நிகழ்ச்சியின் நேரம் முடிந்துவிட்டதாக அறிவித்து ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். பெண் செத்துவிட்டாளா என்று கேட்டு பி.பி.சி.க்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அது தற்செயலா, சர்க்காரின் சாமர்த்தியமா என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். லண்டனில் அவருடைய காட்சிகளுக்குக் கூட்டம் முண்டியடித்தது உண்மை. விளம்பரத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் ஊர்க்காரர்கள் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டிய எங்களைப் போன்றவர்கள் அதைப் பின்பற்றக் கூடாது. எழுப்பிய பேயை அடக்கிவிட்டே கூடாரத்தின் திரையை விலக்க வேண்டும். நாங்கள் கடைசி ஒரு நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்கினோம். விளக்குகள் எல்லாவற்றையும் ஏற்றி, சாவியைப் பார்வையாளர் கையில் கொடுத்து, வீட்டில் எத்தனை கதவு இருக்கிறது, எல்லாவற்றையும் பூட்டினீர்களா என்று கணித ஆசிரியர் கேட்பார். சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

இந்த ஆண்டும் எங்காவது ஒரு கற்றுக்குட்டி இப்படியொரு கூடாரத்துக்கு உருப்படிகளைத் தேடிக்கொண்டிருப்பார். அவருக்கு நான் சொல்ல வேண்டியவை சொற்பம். இரத்தச் சாயத்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். நெருப்பு வேண்டாம். கையைவிடக் கதையை அதிகம் பழகுங்கள். இருட்டில் யாரையும் தொடாதீர்கள். பார்வையாளர்களிடம் மோதிரம் கேளுங்கள், பணத்தாள் கேளுங்கள், கடிகாரம் கேளுங்கள். அவர்கள் வீட்டில் இறந்தவரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் அதைத் திருப்பித் தரும் வித்தை கிடையாது. யாரிடமும் கிடையாது.

அந்தப் பெண்மணியை அதற்குப் பிறகு நூலகத்தில் இரண்டு முறை பார்த்தேன். புத்தகங்களைத் திருப்பித் தர வந்திருந்தார். புன்னகைத்தார், நானும் புன்னகைத்தேன். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு முறையும் வாயெடுத்து, கேட்காமலேயே வந்துவிட்டேன். கேட்டால் அந்தப் பெயரை மறுபடியும் நான் எடுக்க வேண்டியிருக்கும்.